விருந்தினரும் வாடிக்கையாளரும்: ஃபலக்னுமா அரண்மனை விடுதி – ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

'கோயில்' என்னும் சொல் முதலில் கோ வாழும் இல்லத்தைக் குறித்துப் பின்னர் இறைவன் உறையும் இடத்திற்கு உரியதாயிற்று என்பதைச் சொற்பொருள் மாற்றத்திற்குச் சான்றாக வகுப்பறைகளில் நாம் கூறுவது வழக்கம். இந்திய விடுதலைக்குப் பின் அந்நாட்டின் அரண்மனைகள் இன்னொரு மாற்றத்திற்கு ஆட்பட்டன. அரசனின் இல்லம் இறைவனுக்கு உரியதாகாமல், பணம் செலுத்தித் தங்குவோருக்கு உரியதாயிற்று. 1957இல் ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனையும் 1963இல் உதய்ப்பூரின் ஏரி அரண்மனையும் தங்கும் விடுதிகளாயின. 1971இல் முன்னாள் மன்னர்களுக்கான அரசு மானியம் ஒழிக்கப்பட்ட பின்னர் இவ்வழியில் சென்றோர் பலர். கூரை ஒழுகும் மாளிகையைக் காக்கவும் வரி செலுத்தவும் வேறு வழி காணாதவர்கள் அவர்கள்.

இத்தகைய விடுதிகளைப் பற்றிப் பயணக் கட்டுரைகள் மிகுதி; திறனாய்வுகள் குறைவு. ஹைதராபாத்தின் ஃபலக்னுமா அரண்மனையை ஒரு பனுவலாகக் கொண்டு, அது தன் வரலாற்றை எவ்வாறு சொல்கிறது, எவற்றைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அறைகளின் வசதிக்கோ உணவின் சுவைக்கோ மதிப்பெண் வழங்குவது நம் நோக்கமன்று. அதனைச் செய்வோர் பலர் உளர். நம்மினும் நன்றாகவே செய்கின்றனர்.

அரண்மனையும் அதன் கடனும்

'ஃபலக்னுமா' என்பதற்கு 'வானத்தின் கண்ணாடி' என்று பொருள் கூறுவர். சார்மினாருக்குத் தெற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு குன்றின்மேல் அமைந்த இவ்வரண்மனைக்கு 1884இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டியவர் நிசாம் அல்லர். நிசாமின் முதலமைச்சராக விளங்கிய விகார்-உல்-உம்ரா ஆவார். இவர் பாய்கா என்னும் உயர்குடிப் பிரபுக்களின் மரபினர். வரைபடம் வகுத்தவர் வில்லியம் வார்டு மாரெட் என்னும் ஆங்கிலேயர். வெளிமுகப்பு இத்தாலியப் பாணியைத் தழுவியது. நூலகத்தின் மேற்கூரை இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையிலுள்ளதை ஒத்து அமைக்கப்பட்டது. மேலிருந்து நோக்கின் தேள் வடிவம் தோன்றும் என்பர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்த கட்டுமானம் முடிந்தபோது, அத்தேள் கட்டியவரையே கொட்டிவிட்டிருந்தது. கடன் சுமை தாங்காமல் 1897ஆம் ஆண்டையொட்டி அரண்மனை ஆறாம் நிசாமாகிய மஹபூப் அலி கானிடம் கைமாறியது. அவர் இதனை அரச விருந்தினர் மாளிகையாக்கினார். 1911இல் இங்கேயே காலமானார். ஏழாம் நிசாம் உஸ்மான் அலி கான் வாழ்ந்தது கிங் கோட்டி மாளிகையில். 1948இல் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டது. 1951இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தங்கிச் சென்ற பின் கதவுகள் பெரும்பாலும் மூடியே கிடந்தன.

அடுத்த அரை நூற்றாண்டு பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. தூசியும் கரையானும் வழக்குகளுமாக அது கழிந்தது. ஏழாம் நிசாமின் பேரன் முகர்ரம் ஜா ஆஸ்திரேலியாவிற்குக் குடிபெயர்ந்தார். பின்னர்த் துருக்கியில் வாழ்ந்து 2023இல் இஸ்தான்புல்லில் மறைந்தார். அவருடைய முன்னாள் துணைவியார் இளவரசி எஸ்ராவின் மேற்பார்வையில், தாஜ் விடுதிக் குழுமம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மேற்கொண்ட சீரமைப்பின் விளைவாக, 2010 நவம்பரில் 60 அறைகள் கொண்ட விடுதியாக ஃபலக்னுமா திறக்கப்பட்டது.

சீரமைப்புப் பணியின் தரத்தைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. மரச்செதுக்கு வேலைப்பாடுகள், சரவிளக்குகள், சுவரோவியங்கள், தோல் வேய்ந்த இருக்கைகள் ஆகியவற்றைக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தனர். அரசு நிறுவனம் ஒன்றின் கையில் இவ்வரண்மனை சிக்கியிருப்பின், அறைகளைத் தடுப்புப் பலகைகளால் பிரித்துக் கோப்புகளை அடுக்கியிருப்பர் என்னும் அச்சம் இந்தியாவை அறிந்தோர்க்கு எழுவது இயல்பே. எனவே விடுதியாக்கியதே குற்றம் என்பது நம் வாதமன்று. விடுதியாக்கும்போது வரலாறு எவ்வாறு மறு ஆக்கம் செய்யப்படுகிறது என்பதே வினா.

வாயிலில் வந்திறங்குவோரைக் குதிரை வண்டியில் ஏற்றிக் குன்றின் உச்சிக்கு அழைத்துச் செல்கின்றனர். படிகளில் ஏறுகையில் மேலிருந்து ரோசா இதழ்கள் தூவப்படுகின்றன. வந்தவர் அரசராக உணர வேண்டும் என்பதே ஏற்பாடு. இக்காட்சியில் கட்டியவரின் கடன்கூட ஓர் அழகிய கதையாகிவிடுகிறது. கலை வேட்கையால் அளவிறந்து செலவிட்டு ஓட்டாண்டியான பிரபு, பெருந்தன்மையோடு மாளிகையை ஏற்றுக்கொண்ட மன்னர் என்று அக்கதை அமைகிறது. கடன் சொல்லப்படும் அளவிற்கு வரவு சொல்லப்படுவதில்லை. செலவிட்ட பணம் எங்கிருந்து வந்தது?

பாய்கா பிரபுக்கள் நிசாமுக்குப் படைகளைப் பராமரித்தனர். அதற்கு ஈடாகப் பரந்த நிலப்பகுதிகளை ஜாகீராகப் பெற்று, அங்கு வரி தண்டும் உரிமையைத் துய்த்தனர். ஹைதராபாத் அரசின் சிற்றூர்களில் 'வெட்டிச் சாகிரி' எனப்பட்ட கூலியில்லாக் கட்டாய உழைப்பு வேரூன்றியிருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 'வெட்டி' என்னும் இதே சொல் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் குறிக்கப் பயில்கிறது. இன்று பயனற்ற பணியை 'வெட்டி வேலை' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அச்சொல்லுக்குள் யாருடைய முதுகு வளைந்திருக்கிறது என்று எண்ணுவதில்லை. வெட்டிக்கும் நிலக்கிழமைக்கும் எதிராக மூண்டதே 1946 முதல் 1951 வரை நிகழ்ந்த தெலங்கானா உழவர் ஆயுதப் போராட்டம். ஜாகீர் முறை 1949இல் ஒழிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஃபலக்னுமாவில் தங்கிய 1951ஆம் ஆண்டும் அப்போராட்டம் கைவிடப்பட்ட ஆண்டும் ஒன்றே. அரண்மனையின் கதையில் முதலாவது இடம்பெறுகிறது, இரண்டாவதற்கு இடமில்லை.

நூற்றொருவர் அமரும் மேசை

ஃபலக்னுமாவின் புகழ் அனைத்தும் திரண்டு நிற்கும் இடம் அதன் உணவுக்கூடமே. 101 பேர் ஒருசேர அமர்ந்துண்ணும் நீண்ட மேசை அங்குள்ளது. ஒரு முனையில் மெல்லப் பேசுவது மறுமுனையில் கேட்கும் வண்ணம் கூடம் அமைந்தது எனச் சுற்றிக்காட்டுவோர் கூறுவர். இவையன்றி, ஹைதராபாத் உணவு வழங்கும் 'அதா', ஐரோப்பிய உணவு வழங்கும் 'செலஸ்ட்' என்னும் உணவகங்களும் விடுதியில் தோன்றின.

இங்குத் தமிழ்ச்சொல் ஒன்று நமக்குத் துணை செய்கிறது. 'விருந்து' என்பதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் எண்வகை வனப்புகளுள் ஒன்றாகிய புதுவகை யாப்பை 'விருந்து' என்றே சுட்டுகிறது. புதுமையிலிருந்து புதிதாய் வந்தவரையும், அவரிடமிருந்து அவருக்கு இடும் உணவையும் அச்சொல் குறிக்கலாயிற்று. எனவே அறிமுகமில்லாதவரே மூலப்பொருளில் விருந்தினர். உற்றாரும் நண்பரும் அல்லர். திருக்குறள் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்திருப்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது. ஈவோனுக்கு உரிய கடமையாக அது பேசப்படுகிறதேயன்றிப் பெறுவோன் வாங்கும் பொருளாக அன்று.

சில ஆண்டுகளுக்கு முன், மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் விடுதி விளம்பரம் ஒன்றைத் தமிழாக்கம் செய்யுமாறு மாணவர்களிடம் கொடுத்தோம். 'கெஸ்ட்' என்னும் சொல் வந்த இடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார் 'விருந்தினர்' என்றனர். மறு சாரார் 'வாடிக்கையாளர்' என்றனர். "பணம் கட்டிய பிறகு எப்படி ஐயா விருந்தினர்?" என்று ஒரு மாணவி வினவினார். அவ்வினாவிற்கு அன்று நாம் அளித்த விடை நிறைவானதன்று. ஆங்கில வழக்கில் அச்சொல் எப்போதோ வணிகத்திற்குப் பழகிவிட்டது. தமிழில் அது இன்னும் முழுமையாகப் பழகவில்லை என்பது நமக்குக் கிட்டிய நற்பேறு. முரண் நம் காதில் உறுத்துகிறது.

அரசனின் மேசையில் அமர்ந்தவர் பணம் தரவில்லை; ஆனால் அவர் அழைக்கப்பட்டவராக இருக்க வேண்டும். இன்றைய மேசையில் அழைப்பு வேண்டியதில்லை, பணம் போதும். இதனை மக்களாட்சியின் வெற்றி என வாதிடுவாரும் உளர். வைசிராய்க்கு மட்டும் திறந்த கதவு இன்று எவருக்கும் திறக்கிறது என்பது அவர்தம் கூற்று. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. குன்றின் அடிவாரத்திலுள்ள ஃபலக்னுமா தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் இறங்கி வேலைக்குச் செல்வோரை நினைவிற்கொண்டால் அந்த 'எவருக்கும்' என்பதன் எல்லை விளங்கும்.

2017 நவம்பர் 28ஆம் நாள், உலகத் தொழில்முனைவோர் உச்சிமாநாட்டையொட்டி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இவ்வரண்மனையில் இரவு விருந்தளித்தார். அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப் அதில் கலந்துகொண்டார். அந்நாளில் செய்தி ஏடுகள் பல 101 பேர் மேசையைப் பற்றி எழுதின. ஆயின், அதே மாதத்தின் தொடக்கத்தில் ஹைதராபாத் நகரக் காவல்துறை பொது இடங்களில் இரத்தலுக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. தெருக்களில் இருந்த இரவலர்கள் சிறை வளாகங்களை ஒட்டிய மறுவாழ்வு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்விரண்டையும் தொடர்புபடுத்தியே ஏடுகள் பல எழுதின. நகரை இரவலர் அற்றதாக்குவது நெடுநாள் திட்டம் என்று அதிகாரிகள் தரப்பில் கூறப்பட்டது. எது காரணமாயினும், ஒரு விருந்தினர் வரவிருந்த நகரில் அறிமுகமில்லா வறியோர் கண்ணில் படாதவாறு அகற்றப்பட்டனர் என்பது நிகழ்வு. பாணரையும் புலவரையும் இரவலராகவே மன்னன் முன் நிறுத்தும் ஆற்றுப்படை இலக்கியத்தைப் பாடமாக நடத்தும் நாம் இதனை வெறும் செய்தியாகக் கடந்து செல்ல இயலாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஹைதராபாத் சமையல் 'நிசாம்களின் உணவு' என்னும் அடைமொழியோடுதான் எங்கும் விற்கப்படுகிறது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஹலீமை எடுத்துக்கொள்வோம். இறைச்சி, கோதுமை, பருப்பு ஆகியவற்றைப் பல மணி நேரம் வேகவைத்து மரக்கோலால் இடித்துக் குழைத்து ஆக்கும் இவ்வுணவின் வேர், நிசாமின் படையில் பணிபுரிந்த அரேபியர் கொண்டுவந்த 'ஹரீஸ்' என்பர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் 'பார்க்காஸ்' என்னும் பகுதி ஃபலக்னுமாவிற்கு அண்மையிலேயே உள்ளது. படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் 'பாரக்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அப்பெயர். காவற்படையின் கஞ்சி அரசனின் பெயரால் அறியப்படுகிறது. 2019இல் யுனெஸ்கோ ஹைதராபாத்தை உணவுக்கலைப் படைப்பாக்க நகரமாக ஏற்றபோது, ஏற்பிற்கு உரியவர் யார் என்பதை இப்பார்வையோடும் காண வேண்டும். நோன்பு மாத மாலைகளில் தெருவோர அடுப்பில் கொப்பரை ஏற்றி வியர்க்க வியர்க்க இடிப்போருக்கு அதில் பங்கு பெரிது.

சௌமஹல்லா என்னும் மறுமொழி

விடுதியாக்கினாலன்றி அரண்மனையைக் காத்தல் இயலாது என்னும் வாதத்திற்கு மறுமொழி தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அதே நகரில், அதே குடும்பத்தின் உடைமையாக, அதே இளவரசி எஸ்ராவின் முயற்சியால், ஏறத்தாழ அதே காலத்தில் மீட்கப்பட்டது சௌமஹல்லா அரண்மனை. பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறைவுற்ற இதுவே ஆசஃப் ஜாஹி மரபினரின் உண்மையான அரியணை இருக்கை. கட்டடக் கலைஞர் இராகுல் மெஹரோத்ரா அதன் மீட்புப் பணியில் ஈடுபட்டார். அது விடுதியாகவில்லை, அருங்காட்சியகமாகியது. 2010இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமைப் பாதுகாப்புக்கான தகுதி விருதையும் பெற்றது. அரசவைக் கூடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடக்கின்றனர். பழைய நகரத்துக் குடும்பங்கள் விடுமுறை நாளில் புல்வெளியில் அமர்கின்றன. எளிய நுழைவுச் சீட்டே போதும்.

ஒன்று நன்று, மற்றொன்று தீது என நாம் எளிதில் பிரித்துவிட முடியாது. ஒரு குடும்பம் தன் இரு மாளிகைகளுள் ஒன்றை வணிகத்திற்கும் ஒன்றைப் பொதுமக்களுக்கும் வழங்கியது அறிவார்ந்த ஏற்பாடாகவும் இருக்கக்கூடும். ஆயினும் எந்த மாளிகை எப்பயனுக்கு ஒதுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. ஆட்சி நடந்த இடம் மக்கள் காட்சிக்கு வந்தது. துய்ப்பு நடந்த இடம் துய்ப்பிற்கே மீண்டது. சௌமஹல்லாவில் காட்சிப் பொருள்களின் அருகே விளக்கக் குறிப்புகள் உள்ளன. பிழையிருப்பின் வரலாற்று மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டலாம். ஃபலக்னுமாவில் வரலாறு மாலை நேர உலாவில் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. இனிமையாகச் சொல்லப்படும் கதையை மறுத்துக் கேட்க, அங்குத் தங்கியிருப்பவருக்கு என்ன தேவை?

கட்டியோர்

இறுதியாகக் கல் சுமந்தோரைப் பற்றி. ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனை இவ்வகையில் ஃபலக்னுமாவிற்கு நேர்மாறானது. 1929இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1943இல் நிறைவுற்ற அம்மாளிகையின் கதையில் தொழிலாளரே முதலிடம் பெறுகின்றனர். தொடர் வறட்சியால் வாடிய குடிகளுக்கு வேலையளிக்கவே மன்னர் உமைத் சிங் அதனைக் கட்டுவித்தார் என்பர். இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை பல ஆண்டுகள் பணியாற்றினர் என்றும் கூறுவர். இன்று அதன் ஒரு பகுதி மன்னர் குடும்பத்தின் இல்லம், ஒரு பகுதி அருங்காட்சியகம், ஒரு பகுதி 2005 முதல் தாஜ் குழுமம் நடத்தும் விடுதி. இக்கதையில் உழைப்போர் தோன்றுவது உண்மையே. ஆனால் கொடை பெற்றோராகவே தோன்றுகின்றனர். கூலி பெற்றதே பேறு என்பது போன்ற தொனி அதில் உண்டு. பஞ்சத்தில் ஏரியும் கால்வாயும் வெட்டியிருக்கலாமே, 347 அறைகள் எதற்கு என்று கேட்போர் அரியர்.

நம் நாட்டில் நிலைமை வேறு. பத்து காஜா அருகிலுள்ள கெல்லி கோட்டை விடுதியாகவில்லை, முழுமை பெறவுமில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் தொடங்கிய அக்கட்டடத்திற்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் தருவிக்கப்பட்டனர். கொள்ளை நோய்க் காய்ச்சல் அவர்களுள் பலரைப் பலிகொண்டது. 1926இல் லிஸ்பனில் ஸ்மித் இறந்தபின் வேலை நின்றது. அக்காய்ச்சலின்போது தொழிலாளர் வேண்டிக்கொண்டதற்கிணங்க அவர் எழுப்பிக் கொடுத்த மாரியம்மன் கோயில் கோட்டைக்கு அருகில் இன்றும் உள்ளது. அக்கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களின் வரிசையில், தொப்பியணிந்த வெள்ளையர் ஒருவரின் சுதை உருவம் நிற்கிறது. அது ஸ்மித்தைக் குறிக்கும் என்பர்.

கோட்டையைக் காண வருவோர் பேய்க்கதை கேட்கின்றனர். கோயிலைக் காணாமலே பெரும்பாலோர் திரும்புகின்றனர். ஆய்வாளருக்கு அக்கூரை உருவம் அரிய ஆவணம். ஃபலக்னுமாவில் கட்டியோர் பேசப்படுவதில்லை. உமைத் பவனில் அவர்களைப் பற்றி மற்றவர் பேசுகின்றனர். இங்கோ, நன்றியாலோ வேடிக்கையாலோ, தம் முதலாளியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கட்டியவர்களே முடிவு செய்திருக்கின்றனர். அடுத்த கல்விச் சுற்றுலாவின்போது மாணவர்களைக் கோட்டைக்கு முன்னதாக அக்கோயிலுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.